வால்வு கேட்டால் வண்டியைக் கேட்பவர்

"வண்டி எங்க நிக்குது?"

வால்வு என்ற சொல் வந்தவரின் வாயிலிருந்து முழுதாக வெளியே விழுவதற்குள், கடைக்காரர் மேசையின் தூக்குப்பலகையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வந்தவர் பழைய வால்வைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "இதே மாதிரி ஒண்ணு குடுங்க, போதும். வண்டி ரெண்டு தெரு தள்ளி நிக்குது" என்றார். "ரெண்டு தெருதானே?" என்று கேட்கும்போதே இவர் செருப்பை மாட்டிப் படியிறங்கியாயிற்று. வாங்க வந்தவர் பின்னாலேயே ஓடினார், தன் வண்டியை யாரோ கிளப்பிக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டவரைப்போல.

கடைக்குள்ளிருந்து மனைவியார் தலையை நிமிர்த்தாமலே, "போயாச்சா?" என்றார். அது பதிலுக்காகக் கேட்ட கேள்வி இல்லை.

அது மோட்டார் உதிரிபாகக் கடை. அதற்கு நேர்மேலே உள்ள அறையில் நான் குடியிருக்கிறேன். அச்சகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. மேசையை ஜன்னலோரம் போட்டிருப்பதால் கடைவாசல் முழுக்க என் கண்ணுக்குக் கீழேதான். நான் ஒரு பக்கம் திருத்தி முடிப்பதற்குள் அவருடைய செருப்புச் சத்தம் நாலு முறை வெளியே போய் நாலு முறை உள்ளே வந்துவிடும். ஐந்து வருஷமாக இதே கதை. முதல் வருஷம் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தச் சத்தம் அரைமணி நேரம் கேட்கவில்லை என்றால் எழுந்து எட்டிப் பார்க்கிறேன்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஒடிசலான உடம்பு. நிற்கும்போதுகூட ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டிருக்கும். கடையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் எப்போதும் அட்டைப்பெட்டிகள்தான் உட்கார்ந்திருக்கும். சாப்பாடு நின்றபடியே. எதிர்வரிசை டீக்கடைக்காரர் அவருக்கு மட்டும் அரை கிளாஸ்தான் ஊற்றுவார். முழு கிளாஸ் கொடுத்தால் பாதி குடித்ததும் அதை ஏதாவது ஒரு வண்டியின் கூரைமேல் வைத்துவிட்டு அந்த வண்டியின் முன்பக்கம் குனிந்துவிடுவார்; பிறகு வண்டி கிளாஸோடு கிளம்பிவிடும். "இந்த மாதிரி மூணு கிளாஸ் ஊர் சுத்தப் போயிருக்கு, ஒண்ணும் திரும்பி வரல" என்கிறார் டீக்கடைக்காரர்.

தெருவில் அவருக்குப் பெயர் கட்டைவிரல்காரர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை என் சொந்த வண்டியை வைத்தே தெரிந்துகொண்டேன்.

என்னுடையது மூன்று கை மாறிய சின்னக் கார். குடிவந்த முதல் மாதம், வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது குளிர்காய்ச்சல் வந்ததைப்போல நடுங்க ஆரம்பித்தது. மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்தும் பார்க்காமலும், "பிசிவி வால்வை மாத்திப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். கீழேதானே கடை என்று இறங்கிப் போய் அதைக் கேட்டேன். "வண்டி எங்க நிக்குது?" என்றார். பக்கத்துச் சந்தில் என்றேன். அவ்வளவுதான், என்னை முந்திக்கொண்டு சந்துக்குள் போய் நின்றார்.

"அது என்ன வால்வு, எதுக்கு இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன். கால் தாளம் போட, கை ஆட, சொல்லத் தொடங்கினார். "எஞ்சின் உள்ள வெடிக்குதில்ல, அந்த வாயு முழுசா புகைக்குழாய் வழியாப் போறதில்ல. கொஞ்சம் பிஸ்டன் ஓரமா நழுவி, அடியில ஆயில் கிடக்கிற அறைக்குள்ள இறங்கிடும். புது வண்டியிலயும் இறங்கும். இறங்கினது எங்கயாவது போகணுமே? அதை உறிஞ்சி, திரும்ப எஞ்சினுக்கே எரிக்கக் குடுக்கிற வாசல்தான் இது. வாசல் அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்? உங்க வீட்டுக் குக்கர்ல வெயிட் அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்?"

"மூடியோரமாப் பிதுங்கும்."

"அதேதான். இங்க ஆயில் பிதுங்கும். சீல் ஒவ்வொண்ணா விட்டுக்குடுக்கும். ஜனங்க சீலை மாத்துவாங்க, மறுபடி ஒழுகும், மறுபடி மாத்துவாங்க. ஒழுகற இடத்துல தப்பு இருக்காது, அடைச்ச இடத்துல இருக்கும். சரி, வாசல் திறந்தபடியே நின்னுட்டா? தேவையில்லாத காத்தெல்லாம் உள்ள போயி, எஞ்சின் இப்படித்தான் நடுங்கும். கூடவே ஆயிலையும் உறிஞ்சிக் குடிச்சிரும்."

எஞ்சினை ஓடவிட்டார். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து யாரோ கொடுத்த பழைய முகவரி அட்டை ஒன்றை எடுத்து அந்த வாய்மேல் வைத்தார். அட்டை கொஞ்சம் ஆடிவிட்டு, மெல்ல ஒட்டிக்கொண்டது. "நல்லது. மேல தள்ளினாத்தான் கவலை." பிறகு வால்வை அதன் ரப்பர் வளையத்திலிருந்து உருவினார். உஸ்ஸென்று ஒரு சீற்றம். அதன் வாயில் வலது கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அந்த ஒரு கணம்தான் அவர் கால் தாளம் போடுவதை நிறுத்தியது. கண்கள் எங்கோ போய்விட்டன. "கடிக்குது" என்றார் திருப்தியாக. என் கையைப் பிடித்து என் கட்டைவிரலையும் வைக்கச் சொன்னார். பல்லில்லாத வாய் ஒன்று கவ்வுவதுபோல இருந்தது.

எஞ்சினை நிறுத்தி, வால்வைத் தனியே கழற்றி, காதோரம் வைத்துக் குலுக்கினார். டிக், டிக். "கேக்குதா? உள்ள இருக்கிறவன் உயிரோட இருக்கான். ஆனா இந்தச் சத்தத்தை மட்டும் நம்பிடாதீங்க. ஸ்பிரிங் செத்திருந்தாலும் சும்மா ஆடிக் காட்டுவான், சில வண்டியில நல்லவனே சத்தம் போடமாட்டான். விரல் பொய் சொல்லாது."

அப்புறம் ரப்பர் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனார். அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத வளைவில் விரல் நின்றது. நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. நடுக்கம் அங்கேயிருந்துதான். வால்வு கேட்டுப் போன நான் ஒரு சாண் ரப்பர் குழாயோடு திரும்பினேன்.

"வால்வு கேட்டு வந்தவருக்கு ரப்பரைக் குடுத்து அனுப்பறீங்களா?" என்றார் கடைக்காரம்மா.

"அவருக்கு வேண்டியது அதுதானே."

"வியாபாரம் பாக்கச் சொன்னா வைத்தியம் பாக்கறீங்க."

கடை அந்த அம்மாவுடையது. அவருடைய அப்பா வைத்தது. மூன்று சுவர் நிறைய அடுக்குகள், ஒவ்வொன்றிலும் நூறு சின்னப் பெட்டிகள், எல்லாவற்றின் எண்களும் அவருக்கு மனப்பாடம். வண்டியின் பெயரையும் வருஷத்தையும் சொன்னால் போதும், ஏணியில் ஏறாமலே, "மேலேர்ந்து மூணாவது தட்டு, இடது ஓரம்" என்பார். கணவர் முன்பு மெக்கானிக். கல்யாணத்துக்குப் பிறகு கடைக்கு வந்தவர். "இவரை மேசைக்குப் பின்னால நிக்க வைக்கணும்னா ஆணி அடிச்சாத்தான் உண்டு" என்று அந்த அம்மா சொல்வது பாதி வேடிக்கை, பாதி அலுப்பு.

அலுப்பில் நியாயம் இருக்கிறது. ஒருமுறை இருவரும் பஸ்ஸில் போயிருக்கிறார்கள். சிக்னலில் பஸ் நின்றபோது பக்கத்தில் ஒரு கார் நீலப் புகை விட்டுக்கொண்டு நின்றதாம். இவர் பஸ்ஸிலிருந்து குதித்துப் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டி, "சார், உங்க வண்டிக்கு மூச்சு முட்டுது" என்று சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்தவர் ஜன்னலை இன்னும் இறுக்கி ஏற்றிக்கொண்டார். சிக்னல் விழுந்தது. கார் போயிற்று. பஸ்ஸும் மனைவியோடு போயிற்று. "அடுத்த ஸ்டாப்புல இறங்கி நின்னேன். வேர்த்து விறுவிறுத்து ஓடி வராரு. என்னைப் பாத்ததும் என்ன சொன்னாரு தெரியுமா? 'வால்வா, ரிங்கான்னு தெரியலையே'ங்கறாரு."

வால்வா, ரிங்கா. அவருடைய மண்டையைக் குடைகிற கேள்வி இதுதான். புகையும் எண்ணெய்க் கசிவும் வால்வு அடைத்தாலும் வரும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்து போனாலும் வரும். முன்னது அரைமணி நேர வேலை. பின்னதற்கு எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டும். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பார்க்காமல் சொல்கிறவர்கள்மேல் அவருக்கு வரும் கோபம் கொஞ்சம் அதிகப்படியானது. ஒரு சின்ன வால்வுக்கு ஏன் ஒருவர் இத்தனை பாடுபடுகிறார் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை.

ஒரு மதியம் கடிதம் ஒன்றை வாங்கிக்கொள்ளக் கீழே போனபோது கடைக்காரம்மா தனியாக இருந்தார். வழக்கம்போலக் கட்டைவிரல்காரர் யாருடைய வண்டியையோ தேடிப் போயிருந்தார். "எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டேன். கையிலிருந்த பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அந்த அம்மா சொன்னார்:

"இல்ல. அப்பவும் துறுதுறுன்னுதான் இருப்பாரு, ஆனா கடையில நிப்பாரு. ஒம்பது வருஷமா இப்படி. அன்னிக்குக் கடையில நல்ல கூட்டம். இவர் தங்கச்சி வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டறாரு. வந்து வால்வு கேட்டாரு. இவர் தட்டுல கையை விட்டு ஒண்ணை எடுத்துக் குடுத்தாரு. 'மச்சான், இதுதானா? பாத்துட்டீங்களா?'ன்னு அவர் கேட்டாரு. நான் இதே இடத்துல உக்காந்திருந்தேன். இவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'கண்ணை மூடிட்டு மாட்டுங்க மாப்பிள்ளை.'"

வெளியே பார்க்க, கேட்ட வால்வும் கொடுத்த வால்வும் இரட்டைப் பிள்ளைகள். அதே தடிமன், அதே நீளம். கொடுத்ததன் உள்ளே இருந்த ஸ்பிரிங் வேறு, பெரிய எஞ்சினுக்கானது. பெட்டியில் கடைசி எண் ஒன்றுதான் மாறியிருந்தது. மாட்டியதும் டாக்ஸி நன்றாகவே ஓடியது. ஆனால் அந்த வால்வு அளவுக்கு மேல் திறந்து, வாயுவோடு சேர்த்து எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. தரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை, நெடுஞ்சாலையின் நடுவில் எண்ணெய் வற்றி எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பின்சீட்டில் டாக்ஸிக்காரரின் மகள், நர்சிங் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தவள். வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வாசற்கதவைச் சாத்திவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணு மறு வருஷம் எழுதி, பாஸாயி, இப்ப பெரிய ஆஸ்பத்திரியில வேலை பாக்கறா. லீவுல வந்தா மொதல்ல மாமாவைத்தான் பாக்க வருவா. அவ மறந்துட்டா. அவ அப்பாதான் மறக்கல. சண்டை போட்டிருந்தாக்கூட இவர் தாங்கியிருப்பாரு. அவர் சண்டையே போடல. பேச்சை நிறுத்திட்டாரு."

கடைக்காரம்மா பெட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் வண்டியைப் பாக்காம ஒரு வால்வுகூட இந்தக் கடையிலேர்ந்து வெளிய போனதில்ல. நான் நம்பரைப் பாத்து எடுத்துக் குடுத்தாலும் கூடவே ஓடுவாரு."

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். மேலே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெள்ளை டாக்ஸி ஒன்று கடைவாசலில் வந்து நின்றது. அது வந்த வழி நெடுகத் தெருவில் ஒரு நீலத்திரை தொங்கியது. ஓட்டி வந்தவர் இறங்கவில்லை; ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெண் இறங்கி, "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே படியேறினார்.

செருப்புச் சத்தம் கேட்கவில்லை. நான் எழுந்து கீழே போனேன்.

அவர் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அசையாமல். தூக்குப்பலகைமேல் வைத்த கை அங்கேயே இருந்தது.

"ஒர்க்‌ஷாப்புல ரிங் போச்சு, எஞ்சினை இறக்கணும்னு சொல்லிட்டாங்க அண்ணே" என்றார் தங்கை. "வெள்ளிக்கிழமை வருஷச் சோதனை. இந்தப் புகையோட போனா வண்டியை ஓட்டவே விடமாட்டாங்க. அதுக்குள்ள எஞ்சினை இறக்கி ஏத்தவும் முடியாது. 'போதும், வித்துட்டு வீட்ல உக்காந்துக்கறேன்'ங்கறாரு. அவரு உக்கார்ற ஆளா? ஒரு நாள்ல பைத்தியம் பிடிச்சிரும். வரமாட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான் அழுது கூட்டிட்டு வந்தேன். நீங்க ஒரு தடவை பாருங்க."

"நான் பாத்து..." என்று இழுத்தார். எத்தனையோ பேருடைய வண்டியை நோக்கி அழைக்காமலே ஓடியவர், பத்தடி தூரத்தில் நின்ற வண்டிக்குப் போகக் கால் எழாமல் நின்றார். கடைக்காரம்மாதான் பலகையைத் தூக்கிவிட்டார். "போங்க. வாசல்லதானே நிக்குது."

போனார். மைத்துனரின் முகத்தைப் பார்க்காமலே, "பானெட்" என்றார். உள்ளிருந்து ஒரு கை விசையை இழுத்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றி அட்டையை வைத்தார். வைத்த வேகத்தில் அட்டை மேலே எழும்பிப் பறந்து என் காலடியில் விழுந்தது. தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. இவர் குனிந்து வால்வை உருவிக் கட்டைவிரலை வைத்தார். வைத்தபடியே நின்றார். எஞ்சின் குலுங்க, தோளும் குலுங்கியது. "கடிக்கல" என்றார். குலுக்கினார். சத்தமே இல்லை. உள்ளே கறுப்புப் பிசின் இறுகிக் கிடந்தது.

"அப்ப வால்வுதானே அண்ணே? ரிங் இல்லையே?"

"தெரியாதும்மா. வால்வு அடைச்சிருக்கு. அது மட்டும்தானான்னு இப்ப சொல்ல முடியாது." கால் மறுபடி தாளம் போட ஆரம்பித்திருந்தது.

உள்ளே வந்தார். கடைக்காரம்மா எண்ணைச் சொல்லிப் பெட்டியை எடுத்து நீட்டினார். இவர் வாங்கிப் படித்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தார். மனைவியைப் படிக்கச் சொன்னார். என்னையும் படிக்கச் சொன்னார். எழுத்துப் பிழை பார்ப்பது என் தொழிலாயிற்றே. நான் ஒவ்வோர் இலக்கமாக வாசித்தேன். அதுவும் போதவில்லை. பெட்டியையும், வண்டியிலிருந்து கழற்றிய பழைய வால்வையும், எண்கள் அச்சடித்த பெரிய பட்டியல் புத்தகத்தையும் அணைத்துக்கொண்டு டாக்ஸியின் ஓட்டுநர் பக்கம் போனார். புத்தகத்தைத் திறந்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"மாப்பிள்ளை, நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. நல்லாக் கண்ணைத் திறந்து பாருங்க."

பின்னால் வந்த வண்டிக்காரர் ஒருவர் ஹாரனை அடித்து, ஒன்றும் நடக்காததால் சுற்றிக்கொண்டு போனார். பிறகு கதவு திறந்தது. டாக்ஸிக்காரர் இறங்கினார். பருத்த உடம்பு, நரைத்த மீசை. சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தின் வரியில் விரலை வைத்து, பெட்டியைப் பார்த்து, மறுபடி வரியைப் பார்த்து, ஐந்து இலக்க எண்ணை உரக்க வாசித்தார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு மைத்துனரிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். வெறும் எண்.

"சரியா இருக்கு" என்றும் சேர்த்தார்.

புது வால்வை மாட்டினார்கள். எஞ்சினை ஓடவிட்டார்கள். கட்டைவிரல்காரர் விரலை வைத்தார். முகம் மாறியது. "இன்னும் கடிக்கல."

அப்போது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. டாக்ஸிக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இவர் மட்டும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சுற்றி வந்தவர் நேரே ரப்பர் குழாயைப் பிடித்து மறுமுனையிலும் கழற்றினார். வாயில் வைத்து ஊதினார். காற்றுப் போகவில்லை. உதட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்ததுதான் மிச்சம். குழாய் உள்ளுக்குள் சப்பிப்போய், பிசின் அடைத்து, கல்லாகிக் கிடந்தது. அது எஞ்சினோடு சேரும் துவாரமும் கரி மண்டி மூடியிருந்தது. வால்வு எத்தனை புதிதாக இருந்து என்ன, உறிஞ்சும் வழியே அடைத்துக் கிடந்தது.

கம்பி, கரியைக் கரைக்கும் மருந்து, பழைய பல் துலக்கும் பிரஷ். ஒரு மணி நேரம் குனிந்தபடி சுரண்டினார். டாக்ஸிக்காரர் முதலில் தள்ளி நின்று பார்த்தார். அப்புறம் விளக்கைப் பிடித்தார். இவர் தலை போகிற பக்கமெல்லாம் விளக்கு போயிற்று. புதுக் குழாய் மாட்டி, குழம்பிக் கிடந்த எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றி, எஞ்சினைக் கிளப்பினார்கள். விரலை வைத்தார்.

"கடிக்குது" என்றார்.

அட்டையை எடுத்து வைத்தார். அது எழும்பியது, படபடத்தது. நாங்கள் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எஞ்சின் சூடேறச் சூடேறப் படபடப்பு குறைந்து, கடைசியில் அட்டை மூடியின் வாயில் படிந்து ஒட்டியது.

"அப்ப ரிங் நல்லா இருக்குதானே அண்ணே? சொல்லுங்களேன்."

எனக்கும் அந்தச் சொல்லைக் கேட்க ஆசையாக இருந்தது. அவர் தலையை ஆட்டினார். "அட்டை ஒட்டுது. அது நல்ல அடையாளம். ஆனா பழைய ஆயில் உள்ள எரிஞ்சு தீர ரெண்டு நாளாவது ஓடணும். அதுக்கப்புறமும் புகை வந்தா ரிங்குதான். இப்பவே இல்லைன்னு சொல்ல மாட்டேன் மாப்பிள்ளை. சொல்ல மாட்டேன்." டாக்ஸிக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். வண்டியில் ஏறிக்கொண்டார். டாக்ஸி இன்னும் புகைவிட்டுக்கொண்டுதான் போயிற்று.

புதனும் வியாழனும் அவருடைய செருப்பு பட்ட பாடு சொல்லி முடியாது. வாசலுக்கு வருவார், தெருக்கோடியைப் பார்ப்பார், உள்ளே போவார். வெள்ளை வண்டி எது திரும்பினாலும் கழுத்து நீளும். "தங்கச்சிக்கு போன் பண்ணிக் கேளுங்களேன்" என்றார் மனைவி. "கேட்டா அவ நல்லதாத்தான் சொல்லுவா" என்றார் இவர். வியாழன் மாலை ஒருவர் வந்து வால்வு கேட்டபோது, "வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டுவிட்டுத் தெருவின் எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தார். வந்தவர் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு டாக்ஸி வந்தது. எதிர்ப்பக்கம், டீக்கடைக்கு முன்னால் நின்றது. டாக்ஸிக்காரர் தனியாக வந்திருந்தார். இறங்கினார். பானெட்டைத் தூக்கினார்.

பானெட் எழுந்ததைப் பார்த்ததும் கட்டைவிரல்காரருக்கு உயிரே போயிருக்க வேண்டும். ஒரு லாரிக்கும் ஒரு சைக்கிளுக்கும் நடுவே புகுந்து ஓடினார். ஒரு செருப்பு நடுத்தெருவில் கழன்று நின்றுவிட்டது. நானும் படியிறங்கி ஓடினேன்.

"என்ன ஆச்சு? புகையா? ஒழுகுதா?"

"பாஸ்" என்றார் டாக்ஸிக்காரர். "மிஷின்ல வச்சுப் பாத்தாங்க. ரெண்டு தடவை. புகையே இல்லைங்கறாங்க."

"அப்புறம் எதுக்கு பானெட்?"

டாக்ஸிக்காரர் எஞ்சினின் பக்கவாட்டில் கையை விட்டு, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். விரலாலேயே துடைத்தார். மறுபடி உள்ளே விட்டு உருவி, இவர் முகத்துக்கு நேரே பிடித்தார். தேன் நிறத்தில் எண்ணெய், மேல்கோடு வரை.

"அப்ப அந்த வால்வோட ரெண்டு மாசம் ஓட்டினேன் மச்சான். தினம் காலையில இதை உருவிப் பாக்க வேண்டியவன் நான்தான். டிரைவர் நான். ஒரு நாள்கூடப் பாக்கல. ஒரே ஒரு நாள் பாத்திருந்தா, எம் பொண்ணு பரீட்சை எழுதியிருப்பா." கம்பியைத் தாழ்த்தினார். "பழியை உங்க மேல போட்டுட்டு நான் நிம்மதியா இருந்துக்கிட்டேன்."

"வால்வு நான் குடுத்ததுதானே மாப்பிள்ளை" என்றார் இவர்.

டாக்ஸிக்காரர் கம்பியை அதன் இடத்தில் சொருகினார். கை இரண்டிலும் எண்ணெய். எங்கே துடைப்பது என்று தெரியாமல், சட்டையில் படாதபடி விரல்களை விரித்துக்கொண்டு நின்றார். ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்ற கட்டைவிரல்காரர், தன் சட்டையின் முன்தொங்கலைக் கால்சட்டையிலிருந்து உருவி எடுத்து, மைத்துனரின் கையைப் பிடித்திழுத்து, சின்னக் குழந்தைக்குத் துடைத்துவிடுவதைப்போல, விரல் விரலாகத் துடைக்க ஆரம்பித்தார்.